பழைய பெற்றோலும் பிரட்டுக்களத்துக் கட்டளையும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார், இளைஞர் அணியினருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பள விசயம் பேசுவேன் என்று நினைத்துப் பலர் வந்திருப்பீர்கள். அதைப் பிற்பகலில் மாவட்டப் பிரதிநிதி பேசுவார். எனக்குத் தந்திருப்பது சின்ன விசயம் போலத் தெரியும். நின்றுபோன பிக்கப்பில், லொறியில், மெசினில் கிடக்கும் பழைய பெற்றோலை வெளியே எடுக்கும் வேலை. கொழுந்து பறிக்கிற எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்னால் இருக்கும் அக்கா ஒருவர் இப்போதே கேட்டுவிட்டார். சம்பந்தம் இருப்பதால்தான் வந்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் ஷெட்டில் நாட்கணக்கில் வரிசை. கேன்களுக்கு அடிக்கக் கூடாது என்று தடை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று நிறுத்தினார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. அந்த மாதங்களில் ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்திய வாகனங்களில் சில அதன்பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. கிடைத்த நேரத்தில் கேனிலும் பீப்பாயிலும் ஒளித்துவைத்த பெற்றோலும் சில இடங்களில் அப்படியே கிடக்கிறது.

இன்னொரு பக்கம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பல வருடங்கள் புது வாகனம் வரவில்லை. அதனால் பழைய வாகனத்துக்கு விலை ஏறியது. இரும்புக்குப் போட வைத்திருந்த வண்டியைக்கூடத் தேடி ஆள் வர ஆரம்பித்தார்கள். தோட்டங்களில் துரைமார் காலத்து லேண்ட்ரோவர் பிக்கப் ஒன்றாவது எங்காவது படங்குக்குக் கீழே நிற்கும். அதை விற்க வேண்டும் அல்லது திருத்த வேண்டும் என்றால் முதல் வேலை, டாங்கியில் இருக்கும் பழைய எண்ணெயை எடுப்பது. அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? கராஜ் பாஸை அல்ல. காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கிற பையனைத்தான்.

போன வருடம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் தம்பியின் பெயரும் வேண்டாம், விசாரணை இன்னும் முடியவில்லை. தம்பிக்கு 22 வயது. புல்வெட்டும் மெசின் வேலைக்குப் போகிறவர். அன்று மலைக்கு அனுப்பாமல் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். அங்கே பழைய லேண்ட்ரோவர் பிக்கப். “மத்தியானம் லொறி வருது, அதுக்குள்ள டாங்கிய காலி பண்ணு” என்று சொல்லிவிட்டு மேற்பார்வைக்காரர் போய்விட்டார். கையில் இருந்தது தண்ணீர் பைப் துண்டு ஒன்றும் இரண்டு பிளாஸ்டிக் கேனும். எல்லோரும் செய்வதைத்தான் தம்பியும் செய்தார். பைப்பை உள்ளே விட்டு வாயால் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வாய் நிறைய வந்துவிட்டது. புரைக்கேறியது.

பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல மனதோடு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். வாந்தி எடுத்ததும் ஆள் தெளிந்த மாதிரி இருந்தது. லயத்துக்குப் போய்ப் படுத்துவிட்டார். இரவு இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சுப் படத்தில் நுரையீரல் புண்ணாகித் தெரிந்தது. பல நாள் ஒட்சிசனில் இருந்தார். உயிர் தப்பியது, ஆனால் மலை ஏறினால் இன்றும் மூச்சு இரைக்கிறது. தோட்டத்தில் கேட்டால் ஒரே பதில்தான். “வாயால் இழுக்கச் சொன்னது யார்?”

அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் உடம்பில் என்ன நடந்தது என்பது விளங்க வேண்டும்.

பெற்றோல் தண்ணீரைவிட மெல்லியது. தொண்டையில் வழுக்கிப் பரவும். வயிற்றுக்குள் போனதைவிட, ஒரு சொட்டு இரண்டு சொட்டு மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நுரையீரலின் உள்சுவரில் அது படலமாகப் பரவி வேக வைத்துவிடும். கிருமியால் வரும் நிமோனியா இல்லை, மருந்து கொட்டினமாதிரி வருகிற நிமோனியா. மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறோம். உள்ளே போகும்போது ஒரு தடவை மூச்சுக்குழாய் பக்கம் போனது, வாந்தியில் மேலே வரும்போது இன்னொரு தடவை போகும். உப்புத் தண்ணீர், விரல் விடுவது, பால், தேங்காய்ப்பால், எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பெற்றோல் பட்ட உடுப்பைக் கழற்றி, தோலை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உட்கார வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். பாதை மோசமாக இருந்தால் தோட்ட லொறியைக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் சொன்னவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது நன்றாக இருக்கிறது என்று ஆள் சொன்னாலும் விடாதீர்கள். இருமல் நின்று சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டத் தொடங்கும். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான்.

அடுத்தது நெருப்பு. குளிர்ப் பிரதேசத்தில் பெற்றோல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்று சிலர் நினைக்கிறார்கள். நுவரெலியாவில் பனி கொட்டுகிற காலையிலும் பெற்றோல் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் அதன் ஆவி பற்றக்கூடியது. டீசல் அப்படியில்லை, அதற்கு 50 பாகைக்கு மேல் சூடு வேண்டும். டீசலோடு பழகிய கையால் பெற்றோலைத் தொடும்போதுதான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தாழ்வான பக்கம் இறங்கும். நமது லயங்கள் எங்கே இருக்கின்றன? அநேகமாக ஸ்டோருக்குக் கீழே, ஷெட்டுக்குக் கீழே, கான் ஓடுகிற பக்கத்தில். மேலே ஊற்றினால் அந்த ஆவி கான் வழியாக இறங்கி எங்கோ எரிகிற அடுப்பைத் தேடிப் போகும். கூரை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு எத்தனை காம்பராவுக்குப் போகும் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மின் ஒழுக்கால் எரிந்த லயங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் பொல்லாதது. இதை என் வகுப்புப் பிள்ளைகள்கூட முதலில் நம்பமாட்டார்கள். நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கியில் ஆவியும் காற்றும் கலந்து இருக்கும், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். இரும்புக்காரர் காஸ் கட்டரோடு வந்து, “காலிதானே” என்று வெட்டத் தொடங்கினால் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒட்டு வைக்கவும் விடாதீர்கள்.

லேண்ட்ரோவர் விசயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய பிக்கப்களில் சிலவற்றுக்கு இரண்டு டாங்கி. ஒன்று வலது சீற்றுக்குக் கீழே, மற்றது இடது சீற்றுக்குக் கீழே, நடுவில் மாற்றிவிட ஒரு குழாய். ஒன்றை எடுத்து முடித்து “காலி” என்று எழுதிப்போடுகிறார்கள், மற்றதில் பாதி கிடக்கும். முள்ளைப் பார்த்து நம்ப முடியாது. பெட்டரி இல்லாத வண்டியில் முள் ஆடவே ஆடாது. அதனால் பெற்றோல் ஊற்றும் மூடி எத்தனை இருக்கிறது என்று வண்டியைச் சுற்றி வந்து முதலில் எண்ணுங்கள். சீற்றைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு டாங்கியும் தனித்தனியாக எடுக்க வேண்டியது.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்றால் எப்படி எடுப்பது?

திறந்த வெளியில், சமதரையில், லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் தூரத்தில். ஷெட்டுக்குள் வேண்டாம். நான்கு பேராகத் தள்ளி வெளியே கொண்டுவந்து சில்லுக்குக் கல் வையுங்கள். ஜாக் மட்டும் போட்டுக் கீழே நுழைய வேண்டாம். பெட்டரி இருந்தால் டாங்கி மூடியைத் திறப்பதற்கு முன்னால், கழித்தல் பக்க வயரைக் கழற்றிவிடுங்கள், மூடி திறந்தபிறகு அதைத் தொடக் கூடாது, பொறி பறக்கும். பீடி, சிகரட், போன் மூன்றும் தூரத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். காலைக் குளிருக்கு நாம் போடுகிற நைலோன் சுவெட்டரையும் கழற்றிவிட்டு வாருங்கள், கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்கிறதே, அதுவும் பொறிதான். கழற்றிய பிறகு வண்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு தூள் தீயணைப்பான், அது இல்லாவிட்டால் இரண்டு வாளி காய்ந்த மணல். தண்ணீர் வாளி இதற்கு உதவாது, பெற்றோல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டே எரியும்.

எடுப்பதற்குக் கைப்பம்பு. நடுவில் ரப்பர் உருண்டை வைத்த பைப் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. உருண்டையை அமுக்கினால் எண்ணெய் ஏறும், அதன்பிறகு கேன் டாங்கியைவிடத் தாழ்வாக இருந்தால் தானாக ஓடும். வாய்க்கு வேலையே இல்லை. இத்தனை வருடமாக ஒரு தோட்டத்தில் இந்தப் பைப் ஒன்று வாங்கி வைக்காமல் மனித நெஞ்சைப் பம்பாகப் பாவிக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம்.

கேனைத் தரையில் வையுங்கள். பிக்கப் தட்டில், பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து நிரப்ப வேண்டாம். இரும்புக் கேன் நல்லது. பைப் வாய் கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், உயரத்திலிருந்து ஊற்ற விடாதீர்கள். கேன் முட்ட நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், மத்தியான வெயிலில் அது விரியும். 20 லீற்றர் கேன் பெற்றோல் என்றால் 15 கிலோ அளவில் வரும், மலைச்சரிவில் ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பம்பால் எடுத்த பிறகும் அடியில் ஒரு வண்டல் மிஞ்சும். அதற்கு டாங்கியின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். முதலிலேயே அந்தப் போல்ட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், 40 லீற்றர் ஒரேயடியாகக் கையில் கொட்டும்போது திரும்பப் பூட்ட முடியாது. மேலால் எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில், கீழே ஒரு தட்டு வைத்துக் கழற்றுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்கவோ நெருப்புக் காட்டவோ கூடாது, அதோடு நிறுத்திவிட்டு “இது கராஜ் வேலை” என்று சொல்லிவிடுங்கள். சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எடுத்த பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தால் அதன் வயது தெரியும். புதிது தெளிவாக இருக்கும். பழையது சாயத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், வாடையும் மாறி வார்னிஷ் பூசின இடம் மாதிரிப் புளிப்பாக அடிக்கும். மெல்லிய பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. வண்டி டாங்கியில் சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடும். 2022இல் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பதும் தெரியும். டீசல் கூடக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், ஆனால் தண்ணீர் சேர்ந்தால் அதில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி வரும், பில்டரை அடைத்துவிடும்.

இதை “வீணாக்காமல் புல்வெட்டும் மெசினுக்கு ஊற்று” என்று சொல்வார்கள். ஊற்றாதீர்கள். காபரேட்டர் பிசின் பிடித்து மெசின் நின்றால், மெசினைக் கெடுத்தான் என்று உங்கள் பேரில்தான் எழுதுவார்கள். சில மாதம் மட்டும் இருந்த, நிறம் மாறாத பெற்றோல் என்றால் புதிதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பாவிக்கலாம், அதையும் மெக்கானிக் சொல்லட்டும்.

வீட்டுக்கு எடுத்துப்போகிற விசயம்தான் எனக்கு அதிகப் பயம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதே, அன்றிலிருந்து எரிகிற எதையும் வீசுவதற்கு நமக்கு மனம் வராது. எனக்கும் விளங்குகிறது. ஆனால் பழைய பெற்றோலை மண்ணெண்ணெயோடு கலந்து குப்பி விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றினால் அது விளக்கு இல்லை, குண்டு. ஈர விறகைப் பற்றவைக்கவும் வேண்டாம். பழசாகிப்போனாலும் அது பெற்றோல்தான். எஞ்சினுக்குத்தான் உதவாது, லயத்தை எரிக்க நன்றாகவே உதவும்.

சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் நிற்க வேண்டும். தாகத்தோடு பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு, சாயத்தண்ணி நிறத்தில் ஒரு போத்தல் இஸ்தோப்பில் இருந்தால் அது பெற்றோல் என்று எப்படித் தெரியும்? மண்ணெண்ணெய் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளில் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. கேனில் பெரிதாக எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும்.

கானில் ஊற்றக் கூடாது, மண்ணில் ஊற்றக் கூடாது. நமது பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும், மேலே ஊற்றியது கீழே குடிதண்ணீரில் வாடையாக வரும். நமக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் தொடங்குகின்றன. கழிவு எண்ணெயை மூடி போட்ட கேனில், தனி இடத்தில், பூட்டிவைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைப்பது நிர்வாகத்தின் வேலை, செலவும் அவர்களுடையது. தொழிலாளி அதைத் தலையில் சுமந்து காட்டுக்குள் கொட்டும் வேலை இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். “வாயால் இழுக்கச் சொன்னது யார்?”

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்து காயம்பட்டால் நட்டஈடு கொடுப்பது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. தொழிலாளி கவனமில்லாமல் இருந்தார் என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட வேண்டும். அப்படியானால் நாம் திருப்பிக் கேட்கிறோம். வாயால் இழுக்காதே என்று யார் சொன்னது? எந்த மொழியில் சொன்னது? பம்பு எங்கே இருந்தது? மேற்பார்வைக்காரர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்?

அந்தத் தம்பியின் விசயத்தில் நம்மைக் காப்பாற்றியது செக்றோல். அன்று அவர் பேரில் சில்லறை வேலை என்றும் ஷெட் துப்புரவு என்றும் விழுந்திருந்தது. அதனால் “அவர் வேலையிலேயே இல்லை, சொந்தத் தேவைக்கு எண்ணெய் திருட வந்தார்” என்று சொல்லப் பார்த்தது எடுபடவில்லை. ஆம், அப்படியும் சொல்லிப் பார்த்தார்கள். நம்மைக் காப்பாற்றாதது ஆஸ்பத்திரித் துண்டு. அனுமதிக்கும்போது எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, கூடப் போனவர் பயந்து “வீட்டில் தவறுதலாகக் குடித்துவிட்டார்” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைத் திருத்த நாம் பட்ட பாடு சொல்லி முடியாது. இதைத் தலைவிமார் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது அநேகமாக அம்மா, அக்காதான். டொக்டர் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தோட்ட வேலையில், இன்ன இடத்தில், பெற்றோல் எடுக்கும்போது நடந்தது. வேலை போய்விடும் என்று பயந்து மாற்றிச் சொன்னால் வேலையும் போகும், நட்டஈடும் போகும்.

கொந்தரப்புக்கு வந்த பையன்கள், “எங்களுக்குப் பேர் இல்லையே” என்பார்கள். செக்றோலில் இல்லாவிட்டால் சாட்சி இன்னும் முக்கியமாகிறது. யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, கூட இருந்தது யார் என்று அன்றைக்கே ஒரு கொப்பித் தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். இன்னொரு நாள் என்று தள்ளினால் சாட்சிக்காரர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று மாவட்டக் குழு முடிவெடுத்திருக்கிறது. தோட்டத்தில் நிற்கும் பழைய வாகனம் எத்தனை, பீப்பாயில் கிடக்கும் எண்ணெய் எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டும். அதை எடுக்கும் வேலையை அது தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். உதவிக்குத் தொழிலாளி தேவைப்பட்டால் கைப்பம்பு, கையுறை, தீயணைப்பான் கொடுத்து, மேற்பார்வைக்காரர் முடியும் வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும், முழுப்பேர் போட வேண்டும். மாதிரிக் கடிதம் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, தேதியும் தோட்டப் பெயரும் மட்டும் நிரப்ப வேண்டும். கொடுக்கும்போது பிரதியில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைத் தலைவர் தன் கையில் வைத்திருங்கள்.

தேநீருக்குப் பிறகு இளைஞர் அணித் தம்பிமார் வெளியே வாருங்கள். அந்த ரப்பர் உருண்டைப் பைப் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீர் வாளியில் வைத்து ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.